பீப் அடிக்கிறது, படம் வரவில்லை! – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை, ஆன் ஆனாலும் திரை இருட்டாகவே இருக்கிறது என்று வந்த கடிதங்களை எல்லாம் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பழுதைப் பலர் கேட்டிருந்ததால், ஒவ்வொன்றிலும் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சிபியுவைத் திறந்து தூசு தட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். இப்போது ஆன் செய்தால் ஒரு நீளமான பீப், தொடர்ந்து மூன்று குட்டி பீப். படம் இல்லை. நெட்டில் ஒருவர் ரேம் என்கிறார், இன்னொருவர் கிராபிக்ஸ் கார்டு என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், கரூர்

இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். அவரவர் சொல்வது வேறு வேறு பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் புரோகிராம்).

பட்டனை அழுத்தியதும் பயாஸ் முதலில் பிராசஸரையும், பிறகு ரேமையும், அதற்கடுத்து டிஸ்ப்ளேவையும் சோதிக்கிறது. டிஸ்ப்ளே தயாராகும் முன்பே கோளாறு கண்ணில் பட்டால் அதைத் திரையில் எழுத வழியில்லை. அதனால்தான் ஒலி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பதில் பொது விதி ஒன்றும் கிடையாது. பயாஸ் எழுதிய ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது.

உங்கள் ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளம், மூன்று குட்டி என்றால் ஏசஸ் போர்டில் கிராபிக்ஸ் கார்டு கிடைக்கவில்லை என்று பொருள். பழைய ஏஎம்ஐ பயாஸில் அதே ஒலி ரேம் சோதனை தோற்றதைக் குறிக்கும். ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் ஏசஸில் ரேம் இல்லை. பழைய அவார்டு பயாஸில் அது டிஸ்ப்ளே கோளாறு. அப்படியே தலைகீழ்!

இதைவிடப் பெரிய வம்பு ஐந்து பீப். நெட்டில் சுற்றும் பழைய ஏஎம்ஐ பட்டியலில் ஐந்து பீப் என்றால் பிராசஸர் பழுது என்று போட்டிருக்கும். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த புது வகை) வந்த பிறகான ஏஎம்ஐ பட்டியலில் ஐந்து பீப், படம் காட்ட எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை என்பதற்கு. கார்டைக் கழற்றி மாட்டினால் தீர வேண்டிய விஷயத்துக்குப் புது பிராசஸர் வாங்கிவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, மதர்போர்டின் பெயரைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயரைப் போட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கையேட்டைப் போனிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பீப்பைக் காதால் எண்ண வேண்டாம். போனில் பதிவுசெய்து இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டால் எது நீளம், எது குட்டி, எங்கே இடைவெளி என்பது தெளிவாகப் பிடிபடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சோதனை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் பீப் சொல்லும், எந்தப் பாகம் செத்தது என்பதை அல்ல. ரேம் பீப் வந்தால் பழுது ரேமில் இருக்கலாம், ஸ்லாட்டில் இருக்கலாம், ரேம் கன்ட்ரோலர் இருக்கும் பிராசஸரில்கூட இருக்கலாம். உங்கள் விஷயத்தில் சுத்தம் செய்த கையோடு வந்த பழுது என்பதால் எதுவும் செத்திருக்க வாய்ப்பு குறைவு. பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் முழுதாகக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். கார்டு ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி ‘டக்’ என்று விழ வேண்டும். கார்டுக்குத் தனியாக 6 பின் அல்லது 8 பின் பவர் ஒயர் இருந்தால் அதையும் பாருங்கள். தூசு தட்டும்போது கழற்றிவிட்டு மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கேள்வி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. பீப்பே இல்லை, படமும் இல்லை. மதர்போர்டு போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

இதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. பீப் வராததற்கு முதல் காரணம், பீப் அடிக்க ஸ்பீக்கரே இல்லாமல் இருப்பது! இன்று தனியாக விற்கும் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் கிடையாது. அதை மாட்ட நான்கு பின் மட்டும் இருக்கும். பக்கத்தில் ‘ஸ்பீக்கர்’ என்றோ அதன் சுருக்கமோ ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். விரல்நுனி அளவு பஸ்ஸர் ஒன்று கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. வாங்கி மாட்டுங்கள். மேஜையில் வைக்கும் மியூசிக் ஸ்பீக்கரில் இந்த ஒலி வராது.

அதை மாட்டிய பின் ஒரு சோதனை. பவர் பிளக்கைப் பிடுங்கி, ரேம் அத்தனையையும் கழற்றிவிட்டு, ரேமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். ‘ரேம் இல்லை’ என்ற பீப் வந்தால், பிராசஸர் ஓடுகிறது, பயாஸ் ஓடுகிறது, எஸ்எம்பிஎஸ் (கேபினட்டில் உள்ள பவர் சப்ளை பெட்டி) ஓரளவு கரண்ட் தருகிறது என்று அர்த்தம். பழுது ரேம், கிராபிக்ஸ் பக்கம் வந்துவிட்டது. ரேம் இல்லாமலும் சத்தமே இல்லை என்றால் கோளாறு அதற்கும் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. செலவில்லாமல் பாதி வழி கடக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

முந்தைய கட்டம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிராசஸருக்கு அருகே, போர்டின் மேல் மூலையில் உள்ள 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டர். பெரிய 24 பின் மட்டும் மாட்டி இது விட்டுப்போனால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பிராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது. நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதற்குப் பொருந்தும். அதுவும் சரி என்றால், தேவையான குறைந்தபட்சப் பாகங்களோடு ஓட்டிப் பாருங்கள்: போர்டு, கூலரோடு பிராசஸர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, முன்பக்க யுஎஸ்பி ஒயர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் வெளியே. பிராசஸரில் டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் வெளியே. முன்பக்க யுஎஸ்பி போர்ட்டின் உள்ளே பின் வளைந்து ஷார்ட் ஆகி முழு சிஸ்டத்தையும் நிறுத்திவைப்பது நிறையவே நடக்கிறது.

இதிலும் வரவில்லை என்றால் போர்டைக் கேபினட்டுக்கு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஆன் செய்யுங்கள். அங்கே வேலை செய்தால், கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் இருக்கும் பித்தளைத் தாங்கி ஒன்று போர்டின் அடியில் இடிக்கிறது.

போர்டு புதியதாக இருந்தால் விளக்குகளையும் கவனியுங்கள். ஏசஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் சிக்கல். பூட் விளக்கில் நின்றால் சந்தோஷப்படுங்கள்: பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே மூன்றும் தேறிவிட்டன, விண்டோஸ் இருக்கும் டிரைவ்தான் கிடைக்கவில்லை.

கடைசியாக, கீபோர்டில் நம்லாக் அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு பக்கம் போங்கள். இத்தனையும் செய்து பார்த்த பிறகும் கடைக்காரர் ‘போர்டு போச்சு’ என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு போர்டில் உங்கள் பிராசஸரையும் ரேமையும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தால்தான் சிஸ்டம் ஆன் ஆகிறது. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

கடலோர ஊர்களில் இருந்து இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ரேமின் தங்கப் பூச்சுப் பின்களிலும் ஸ்லாட்டின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தொடுமுனைகளிலும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. ரேமை ரப்பரால் தேய்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் சுத்தமாகிறது, ஸ்லாட் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பழுது திரும்பத் திரும்ப வருகிறது.

ரப்பர் வைத்தியத்தை நாங்கள் அவசரத்துக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்வோம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. மாதாமாதம் தேய்த்தால் பூச்சு போய் அடியில் உள்ள உலோகம் வெளியே வரும். அப்புறம் இன்னும் வேகமாகத் துரு பிடிக்கும். மை அழிக்கும் நீல, சாம்பல் ரப்பரும் உப்புத்தாளும் கூடவே கூடாது. மெல்லிய வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் இரண்டு மூன்று இழுப்பு போதும். உதிரும் தூளை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தூள் ஸ்லாட்டில் விழுந்தால் அதுவே அடுத்த பழுது.

சரியான பொருள் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் சாமான்கள் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். பஞ்சு உதிராத துணியில் நனைத்துப் பின்களைத் துடையுங்கள். ஸ்லாட்டுக்கு, மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை அதில் நனைத்து நீளவாக்கில் நான்கைந்து முறை இழுங்கள். பிறகு, ரேமைப் பத்து முறை செருகிச் செருகி எடுங்கள். தொடுமுனைகள் உரசிப் படலம் விலகும். பத்துப் பதினைந்து நிமிடம் உலர விட்டு ஆன் செய்யலாம். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம்.

ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். எறும்பு புற்று வைத்திருக்கலாம், பல்லி எச்சம் இருக்கலாம். பல்லி எச்சம் செம்புத் தடத்தை அரித்துவிடும். கேபினட்டின் பின்பக்கம் திறந்து கிடக்கும் ஸ்லாட் ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுவது இதற்கு எளிய காப்பு. தினமும் கொஞ்ச நேரமாவது சிஸ்டத்தை ஓட விடுவதும் நல்லது. உள்ளே சூடேறினால் ஈரம் தங்காது.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எந்த ரேம் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பீப் வந்தால் குற்றவாளி ஸ்லாட். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ரேமுக்குரிய இடம், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது. பெரும்பாலான கையேடுகள் அதை ஏ2 என்று குறிப்பிடும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு இருபது பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் வாங்கினோம். ஒன்றில் பவர் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை மின்னுகிறது. சத்தம் எதுவும் இல்லை.
– ஆசிரியர், விழுப்புரம்

ரேம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

டெல் நிறுவனத்தின் அண்மைக்கால ஆப்டிபிளெக்ஸ்களில் பீப்புக்குப் பதில் இந்த இரட்டை எண்ணிக்கை வந்துவிட்டது. முதல் எண் ஆரஞ்சு, இரண்டாவது வெள்ளை. 2,1 பிராசஸர், 2,2 போர்டு அல்லது பயாஸ், 2,3 ரேம் தென்படவில்லை, 2,4 ரேம் இருக்கிறது ஆனால் பழுது, 2,5 பொருந்தாத ரேம், 2,6 சிப்செட், 3,1 போர்டில் காசு போல இருக்கும் பேட்டரி, 3,2 கிராபிக்ஸ் கார்டு. 3,3, 3,4 இரண்டும் பயாஸ் மீட்பு தொடர்பானவை. அதற்கு முந்தைய, பீப் அடிக்கும் ஆப்டிபிளெக்ஸ்களில் இரண்டு பீப் ரேம் இல்லை, நான்கு ரேம் பழுது, ஐந்து பேட்டரி, ஆறு டிஸ்ப்ளே, ஏழு பிராசஸர். இந்த வரிகளை வெட்டி லேப் சுவரில் ஒட்டிவையுங்கள், இருபது சிஸ்டம் இருக்கும் இடத்தில் பயன்படும்.

ஹெச்பி இருந்தால் அதுவும் இதே மாதிரிதான், ஆனால் சிவப்பு மின்னலோடு நீளமான பீப், வெள்ளை மின்னலோடு குட்டி பீப். மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை ரேம். மூன்று மூன்று கிராபிக்ஸ். மூன்று நான்கு பவர். மூன்று ஐந்து பிராசஸர். இன்னும் பழைய ஹெச்பி காம்பேக்கில் ஐந்து சிவப்பு, ஐந்து பீப் என்றால் ரேம்.

இரண்டாம் கையாக வாங்கும் இந்த ரகங்களில் ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டால் சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ் பல மாடல்களில் பொருந்தாது. போர்டில் இருப்பது அந்த நிறுவனத்துக்கே உரிய கனெக்டர். பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்த ஒன்றிரண்டை லேபில் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டெல்லில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சின்ன பட்டனும் அருகே விளக்கும் இருந்தால் கரண்ட் கொடுத்து அதை அழுத்திப் பாருங்கள். பச்சை எரியாவிட்டால் பழுது எஸ்எம்பிஎஸ்ஸில்.

கேள்வி: புது ரைசன் சிஸ்டம், டிடிஆர்5 ரேம். அசெம்பிள் செய்து ஆன் செய்தால் டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கிறது. பயந்து ஆஃப் செய்துவிட்டேன்.
– வாசகர், கோவை

ஆன் செய்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள். உங்களுடையதைப் போன்ற ஏஎம்5 போர்டுகள் (டிடிஆர்5 ரேம் போடும் ரைசன் போர்டுகள்) முதல் முறை ஆன் ஆகும்போது ரேமின் நேரக் கணக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருத்திக்கொள்கின்றன. 32 ஜிபி, 64 ஜிபி என்று போனால் பல நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை கருப்பு. நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. பயாஸ் புதுப்பித்தாலும், பேட்டரியைக் கழற்றினாலும் இதே காத்திருப்பு உண்டு. கால் மணி நேரம் தாண்டியும் நகரவில்லை என்றால் ஒரே ஒரு ரேமை ஏ2 ஸ்லாட்டில் போட்டு முயலுங்கள்.

கேள்வி: ஐ5 12400எஃப் பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் ஓடுகிறது, ‘நோ சிக்னல்’ மட்டும் போகவில்லை.
– வாசகர், மதுரை

ஹெச்டிஎம்ஐ கேபிள் எங்கே செருகியிருக்கிறது? போர்டில் இருந்தால் அதை எடுத்து கார்டில் மாட்டுங்கள். இன்டெல் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் பிராசஸரில் டிஸ்ப்ளே வசதி கிடையாது. போர்டில் உள்ள ஓட்டை வெறும் ஓட்டை. ரைசன் 5 5600-க்கும் அப்படியே. 5600ஜி என்றால் உண்டு.

கேள்வி: தினமும் காலையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று நிற்கிறது, தேதியும் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. பேட்டரி மாற்றினால் சரியாகுமா? நானே மாற்றலாமா?
– வாசகர், சேலம்

சரியாகும், நீங்களே மாற்றலாம். போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032, 3 வோல்ட் பேட்டரிதான் அது. புதியது மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7-க்குக் கீழே வந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. தேதி பின்னோக்கிப் போவதால் பிரவுசரில் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று எல்லாத் தளங்களும் மிரட்டும். அதுவும் இதோடு போய்விடும்.

வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுவிட்ச் போட்டிருக்கும்வரை போர்டின் கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் காத்திருப்பு மின்சாரத்தில் ஓடும், பேட்டரியைத் தொடாது. இடி மின்னலுக்குப் பயந்து அணைப்பது சரிதான். பேட்டரி சீக்கிரம் தீர்வது அதற்கான விலை.

மாற்றும் முன் மூன்று விஷயங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போகலாம். சாட்டா (டிரைவ் இணைப்பு) ஏஹெச்சிஐ நிலையில் இருந்ததா, ரெய்டு நிலையிலா. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான போர்டில் விஎம்டி (இன்டெல்லின் டிரைவ் நிர்வாக வசதி) ஆனா, ஆஃபா. பூட் யுஇஎஃப்ஐயா, லெகசியா (பழைய பயாஸ் முறை). இவை மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும், அல்லது ‘சரியான பூட் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஆங்கிலத்தில் வரும். ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது என்று பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அமைப்பைப் பழையபடி வைத்தால் வந்துவிடும்.

இதைவிட முக்கியம் பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பயாஸ் அமைப்பு மாறியதைப் பார்த்து விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்கள், கணக்குகள் எதையும் எடுக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் இரண்டு விநாடி ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது, தானாக மறுபடி சுற்றுகிறது, நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா? என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

மல்டிமீட்டர் இருந்தால் பாதிக் கவலை விட்டது. ஆனால் அதற்கு முன், முன்பக்க பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போர்டிலிருந்து அந்த இரண்டு பின் ஒயரை எடுத்துவிட்டு, பின்கள் இரண்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் பட்டன்தான் பழுது.

அடுத்து எஸ்எம்பிஎஸ். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் அல்லது கேபினட் ஃபேன் ஒன்றை லோடாக மாட்டுங்கள். கரண்ட் கொடுத்ததும் ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஆஃபில் இருக்கும்போதும் வரும் காத்திருப்பு மின்சாரம் அது. போர்டில் எரியும் சின்ன விளக்கு இது இருப்பதை மட்டும்தான் காட்டும், எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்று அல்ல. பிறகு பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். ஃபேன் சுற்றும். மஞ்சளில் 11.40 முதல் 12.60, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சாம்பல் ஒயர், எல்லா வோல்டேஜும் சரி என்று போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் தரும் சம்மதம். அதில் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். அது வராமல் மற்றவை வந்தால் ஃபேன் சுற்றும், போர்டு தொடங்காது. எல்லா ஒயரும் கறுப்பாக உள்ள ரகம் என்றால் நிறம் உதவாது. பின் வரிசைப் படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கிளிப் சோதனையில் தேறிய எஸ்எம்பிஎஸ் லோடு ஏறும்போது சரியலாம். அதனால் போர்டில் மாட்டிய நிலையிலும், கனெக்டரின் பின்பக்கமாக முனையைச் செருகி 12 வோல்ட்டைப் பாருங்கள். ஆன் ஆகும் கணத்தில் 11-க்குக் கீழே விழுந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ் தேறியது, ஆனாலும் இரண்டு விநாடியில் நிற்கிறது என்றால் 8 பின் சிபியு கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால், பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் மாஸ்ஃபெட் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்ன சிப்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அது போர்டு சர்வீஸ் கடை வேலை. இரண்டு விநாடியில் இல்லாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடி நின்றால் கூலரைப் பாருங்கள். இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று மேலே எழும்பியிருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே திருத்தப்பட்டு 325 வோல்ட்டாகப் பெரிய கெபாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-இலேயே இருக்கட்டும். குழந்தைகள் நோண்டி 115-க்குத் தள்ளினால் ஒரே வெடிதான்.

கேள்வி: காலையில் நாலைந்து முறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. ஒருமுறை ஆகிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை.
– வாசகர், தஞ்சாவூர்

கெபாசிட்டர். போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அவற்றின் காலம் முடிந்தது. குளிர்ந்த நிலையில் அதன் உள்தடை கூடிவிடுவதால் முதல் முயற்சியில் தேவையான மின்சாரத்தைத் தர முடிவதில்லை, சூடேறியதும் சமாளிக்கிறது. 1999 முதல் 2007 வரை தரமற்ற கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவிய காலத்துப் போர்டுகளில் இது சர்வசாதாரணம். போர்டில் எல்லாம் தட்டையாக இருந்தால் அதே பழுது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் மாட்டிப் பாருங்கள். போர்டில் மாற்றுவதாக இருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி, குறைந்த உள்தடை ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதா கெபாசிட்டர் ஆறு மாதம்கூடத் தாங்காது.

கேள்வி: பழுதைத் திரையில் எண்ணாகக் காட்டும் ‘டீபக் கார்டு’ ஆன்லைனில் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பழைய பிசிஐ ஸ்லாட் உள்ள போர்டுகள் நிறைய பார்ப்பவர் என்றால் வாங்கலாம். பயாஸ் ஒவ்வொரு கட்டத்திலும் 80 என்ற போர்ட்டுக்கு (செருகும் ஓட்டை அல்ல, உள்ளே இருக்கும் ஒரு முகவரி) ஒரு எண்ணை அனுப்பும். கார்டு அதைக் காட்டும். இன்றைய போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் இல்லை, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் அந்த எண் வருவதும் இல்லை. வீட்டில் ஒரே சிஸ்டம் வைத்திருப்பவருக்கு நான்கு பின் பஸ்ஸர் போதும். போர்டிலேயே இரண்டு இலக்கத் திரை இருந்தால் இன்னும் நல்லது: ஏஎம்ஐ யுஇஎஃப்ஐ உள்ள போர்டுகளில் 55 ரேம் இல்லை, டி6 படம் காட்ட எதுவும் இல்லை. 00 அல்லது எஃப்எஃப் என்று ஆரம்பத்திலேயே உறைந்து நின்றால் பிராசஸரையும் அதன் சாக்கெட் பின்களையும் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சில விநாடிக்கு ஒருமுறை ‘பீப்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இந்தக் கணக்கு இல்லை.
– வாசகர், காரைக்குடி

தொடக்கச் சோதனையின் பீப், ஆன் செய்த சில விநாடிகளில் முடிந்துவிடும்; விண்டோஸ் வந்த பிறகு அடிக்காது. கீபோர்டில் ஏதாவது புத்தகம் சாய்ந்து பட்டன் அழுந்தியிருந்தால் விடாமல் பீப் வரலாம். நீங்கள் சொல்லும் இடைவெளியைப் பார்த்தால் அது மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ். கம்ப்யூட்டரை முழுதாக அணைத்த பின்பும் ஒலி தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால், சுவரில் கரண்ட் இருந்தும் யுபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது: பிளக் தளர்ந்திருக்கலாம், பின்பக்க ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, கரண்ட் போனதும் இரண்டே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். சிபியுவைப் பிரிக்கத் தேவையில்லை.